மலைக்கு என்று ஒரு சேனல்: நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ளூர் டிவி

கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது முக்கியமாகக் கீழே இருப்பவர்களுக்காக. மதுரை, திண்டுக்கல், தேனி என்று விரிந்து கிடக்கும் சமவெளிக்குச் சென்னையின் நிகழ்ச்சிகளை அனுப்ப உயரமான ஓர் இடம் தேவைப்பட்டது. பழனி மலை அந்த உயரத்தைக் கொடுத்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தெற்கே பல ஊர்களில் அது தெளிவாகத் தெரிய 1980களில் கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வர வேண்டியிருந்தது. அதுவரை கடலோர ஊர்களில் ஆண்டெனாவை உயர்த்தி, பூஸ்டர் மாட்டி, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள்.

கோபுரம் மலையில் இருந்தாலும் நிகழ்ச்சி தயாரான இடம் சென்னை. பூம்பாறையில் பூண்டு என்ன விலை போகிறது, மன்னவனூர் பஸ் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அதில் வர வழியே இல்லை. மலையில் இருப்பவர்கள் தங்கள் ஊரை, தங்கள் பேச்சை, தங்களுக்குத் தெரிந்த முகங்களை டிவியில் பார்த்தது கேபிள் வந்த பிறகுதான். ஊர்க் கேபிள்காரர் தன் கண்ட்ரோல் ரூமிலேயே ஓட்டிய லோக்கல் சேனல் அது.

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் அப்படிப்பட்ட சேனல்கள் எப்படி வந்தன, என்ன காட்டுகின்றன, சட்டம் அவற்றை எங்கே வைத்திருக்கிறது என்பதை விளக்குவதற்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேனல்கள் கேபிள் தொழிலின் ஓரத்தில் வளர்ந்தவை. இவை ஊர் மக்களுடையவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேபிள் தொழில் நன்றாக ஓடியவரை அது யாருக்கும் உறைக்கவில்லை. இன்று அந்தத் தொழில் ஆட்டம் காண்கிறபோது சேனலும் கூடவே ஆடுகிறது.

மலையும் கம்பியும்

கேபிள் டிவி என்ற தொழிலே மலைப்பாங்கான ஊர்களில் பிறந்ததுதான். 1948 வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைகளில் சில ஊர்களுக்கு நகரத்து டிவி அலை எட்டவில்லை. குன்றின் மேல் பெரிய ஆண்டெனா ஒன்றை நட்டு, அங்கிருந்து கம்பி இழுத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஓரகன் மாநிலத்திலும் கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே வேலை நடந்தது.

நம் மலைகளிலும் சிக்கல் இதேதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைப் போன்ற முகடுகளுக்கு இந்தப்பக்கம் தெரிவது அந்தப்பக்கம் தெரியாது. குந்தா பள்ளத்தாக்கு, கேத்திப் பள்ளத்தாக்கு, கோத்தகிரிச் சரிவு, கூடலூர் இறக்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணம். 1991 வளைகுடாப் போர் நேரத்தில் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் சேனல்கள் இந்தியாவுக்குள் வந்தன. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. அந்த அலையில் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் என்று எல்லா மலை நகரங்களிலும் கேபிள்காரர்கள் முளைத்தார்கள். மொட்டை மாடியில் இரண்டு மூன்று டிஷ், கீழே ஓர் அறை, அங்கிருந்து மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் வயர்.

அந்த அறையில், படத்தைக் கேபிளில் ஏற்றிவிடும் மாடுலேட்டர் என்ற கருவி சேனலுக்கு ஒன்றாக இருக்கும். ஒரு மாடுலேட்டரைக் கூடுதலாக வாங்கி அதில் வீடியோ பிளேயரைச் சொருகினால் போதும், ஊருக்கு என்று ஒரு சேனல் தயார். முதலில் அதில் ஓடியது சினிமாதான். பெரும்பாலும் உரிமம் இல்லாமல். அப்புறம் கடை விளம்பரம் வந்தது. அதன் பின் யாரோ ஒருவர் தேர்த் திருவிழாவைக் கேமராவில் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார், மறுநாள் ஊரே அதைத்தான் பேசியது. தமிழ்நாட்டில் பெரும்பாலான லோக்கல் சேனல்களின் பிறப்பு இந்த வரிசையில்தான் நடந்தது.

கேமரா பிடித்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள்தான். முகூர்த்த நாட்களில் மண்டபம், மற்ற நாட்களில் சேனல். கூட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்று படம் பிடிப்பதும், மங்கிய வெளிச்சத்தில் முகம் தெரிய எடுப்பதும், யாரை விட்டுவிட்டால் கோபம் வரும் என்று தெரிந்திருப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. மலையில் உள்ளூர் டிவிக்கு இருந்த ஒரே பயிற்சிப் பள்ளி அந்த வேலை என்றே நினைக்கிறேன்.

என்னதான் காட்டுகிறார்கள்?

வெளியூர்க்காரர் ஒருவர் விடுதி அறையில் உட்கார்ந்து லோக்கல் சேனலைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். பழைய பாட்டு, கீழே ஓடும் எழுத்து, நகைக்கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, நடுவில் அரை மணி நேரச் செய்தி. ஊர்க்காரர் அப்படி மாற்ற மாட்டார். அந்த ஓடும் எழுத்தில்தான் மரண அறிவிப்பு வருகிறது. எந்த ஹட்டியில், அதாவது எந்தப் படுகர் கிராமத்தில், யார் இறந்தார், அடக்கம் எத்தனை மணிக்கு என்பது படுகர் ஊர்களில் அன்றைய வேலைகளையே மாற்றிவிடும் செய்தி. குடிநீர் எந்த வார்டுக்கு எந்த நாள், மின்தடை எப்போது, எந்தச் சாலையில் மண் சரிந்தது, எந்தப் பள்ளிக்கு விடுமுறை, எந்தப் பகுதியில் யானை நிற்கிறது. மாநில அளவிலான சேனல்கள் நீலகிரிக்கு வருவது மே மாத மலர்க் கண்காட்சிக்கும், உறைபனிக்கும், பெரிய விபத்துக்கும்தான். மற்ற நாட்களில் இங்கே நடப்பதைச் சொல்ல உள்ளூர் ஆள்தான் வேண்டும்.

பச்சைத் தேயிலை விலையை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் பல்லாயிரக்கணக்கான சிறு விவசாயிகள் இலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். குன்னூரில் நடக்கும் தேயிலை ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து, மாதா மாதம் இலைக்குச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. அந்த எண்ணை ஓட்டுவதோடு நிறுத்துகிற சேனல் உண்டு. ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினரையும், தனியார் தொழிற்சாலைக்கு இலை போடும் ஒருவரையும், ஏல விவரம் தெரிந்த ஒருவரையும் உட்காரவைத்து, கைக்கு ஏன் இவ்வளவுதான் வந்தது என்று கேட்கிற சேனலும் இருக்கலாம். இரண்டாவதற்குச் செலவு மூன்று டீயும் ஒரு மணி நேரமும். பணம் இல்லாததால் மட்டும் அது அரிதாகவில்லை. தொழிற்சாலைக்காரர் விளம்பரம் கொடுப்பவராக இருப்பார், சேனல்காரருக்கு உறவினராகவும் இருப்பார். இந்த நெருக்கம்தான் உள்ளூர் டிவியின் பெரிய பலம், பெரிய பலவீனமும் அதுதான்.

கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் விலைக்கும் இதே கதை. மலைக் காய்கறி ஏலம் போவது மேட்டுப்பாளையம் மண்டிகளில். அதிகாலையில் லாரி இறங்கும்போது அன்றைய விலை தெரிந்திருந்தால், தோட்டத்தில் இன்னொரு வாரம் விடலாமா இப்போதே பிடுங்கலாமா என்று விவசாயி முடிவு செய்யலாம். இப்போது அந்த விலை வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது என்பது உண்மை. ஏன் அந்த விலை என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் நடப்பதில்லை.

திருவிழாக்களில்தான் இந்தச் சேனல்கள் முழு மூச்சாக வேலை செய்கின்றன. உதகை மாரியம்மன் கோயில் திருவிழா ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் உபயம், ஒரு நாள் ஊர்வலம். பெரிய சேனலுக்கு அது தேர் நாளன்று முப்பது விநாடிச் செய்தி. லோக்கல் சேனலுக்கு ஒவ்வொரு உபயமும் ஒரு நிகழ்ச்சி. பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை, முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் நடக்கும் மொற்பர்த் விழா, கோத்தர்களின் கம்பட்டராயர் விழா, பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேர் என்று குளிர்காலம் முழுக்க வேலை இருக்கும். இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. எங்கே கேமராவை இறக்கிவிட வேண்டும் என்பது உள்ளூர் ஆளுக்குத் தெரியும். கோயிலுக்குள் எடுக்கக் கூடாது என்று ஊர் சொன்னால் அவர் எடுக்க மாட்டார், ஏனென்றால் மறுநாளும் அவர் அந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும். வெளியிலிருந்து டிரோனோடு வருகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

மொழி இன்னொரு பெரிய காரணம். 2011 கணக்கெடுப்பில் படுக மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1.3 லட்சம் பேர். பெரிய நிறுவனம் எதுவும் இந்த எண்ணிக்கைக்காக ஒரு சேனல் தொடங்காது. தனக்கென்று பரவலான எழுத்து இல்லாத மொழிக்குப் பத்திரிகையைவிடத் திரையும் ஒலியும்தான் இயல்பான இடம். உதகை வானொலி நிலையம் படுக மொழிக்கு இடம் கொடுத்திருக்கிறது. உள்ளூர் கேபிளில் படுகப் பாட்டுகள், நாடகங்கள், கல்யாண வீடியோக்கள் ஓடியிருக்கின்றன. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ள பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறும் நீலகிரியில் வாழ்கின்றன. அவர்களுடைய மொழிகளில் வாராவாரம் வரும் ஒரு டிவி நிகழ்ச்சி என்பது இன்னும் எட்டாத இடத்தில்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் ஆர்வமின்மை மட்டும் இல்லை. கம்பியும் காரணம்.

கம்பி போகாத இடம்

கேபிள் என்பது வீட்டுக் கணக்கு. ஒரு கிலோமீட்டர் வயர் இழுத்தால் எத்தனை இணைப்பு கிடைக்கும்? உதகை மார்க்கெட் பக்கம் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஹட்டியில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பதால் அங்கேயும் கட்டுப்படியாகும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் ஓரளவு போகும். ஒரு மந்தில் இருப்பது ஒரு சில வீடுகள். பணியர் குடியிருப்பும் காட்டுநாயக்கர் குடியிருப்பும் காட்டை ஒட்டியோ காட்டுக்குள்ளோ இருக்கின்றன. அங்கே வயர் இழுத்தால் மரம் விழும், குரங்கு தொங்கும், யானை கம்பத்தைச் சாய்க்கும், இடி விழுந்தால் ஆம்ப்ளிஃபையர் போகும். பழனி மலையிலும் நிலைமை இதுவே. கொடைக்கானல் நகரத்தைத் தாண்டி கிளாவரை, கவுஞ்சி, போளூர் பக்கம் போகப் போக டிஷ்தான் கண்ணில் படும்.

டிஷ் வைத்த வீட்டில் லோக்கல் சேனல் வராது. டி.டி.எச். சேவை செயற்கைக்கோளிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே கற்றையாக இறங்குகிறது. குன்னூருக்கு மட்டும் ஒரு சேனலை அதில் செருகுவது கட்டுப்படியாகாத வேலை. ஆக, உள்ளூர்ச் செய்தி யாருக்கு மிக அவசரமாக வேண்டுமோ, அந்த ஒதுக்குப்புறக் குடியிருப்புகளுக்குத்தான் அது எட்டவில்லை. உள்ளூர் டிவியை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைக்க முடியாது.

பேரிடர் நேரத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த அளவு மழையில் முதலில் போவது கரண்ட், அடுத்து போவது கேபிள். அந்த மணி நேரத்தில் பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கு ஈடு இல்லை. உள்ளூர் டிவியின் வேலை அதற்கு முன்பும் பின்பும் இருக்கிறது. எந்தச் சரிவில் வீடு கட்டியிருக்கிறார்கள், எந்த ஓடையை மூடியிருக்கிறார்கள், போன மழையில் அறிவித்த தடுப்புச் சுவர் கட்டப்பட்டதா என்று மழை இல்லாத மாதங்களில் போய் எடுத்துக் காட்டுவது. நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பெயரோடு கேட்பது. வெளியூர்க் கேமராக்கள் மழை விட்ட மூன்றாம் நாள் இறங்கிப் போய்விடும். அப்போதுதான் உள்ளூர்க் கேமராவின் வேலை ஆரம்பிக்கிறது.

பெட்டி வந்த பிறகு

2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைக்கும் டிஜிட்டல் முறையைக் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் தொடங்கி, சிறு நகரங்களுக்கும் கிராமங்களுக்குமான நான்காம் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 கெடு என்று ஆனது. பார்ப்பவர்களுக்குப் படம் துல்லியமானது. லோக்கல் சேனலுக்கு அடித்தளமே மாறியது.

முன்பு சிக்னல் கலக்கும் இடம் ஊர்க் கண்ட்ரோல் ரூம். இப்போது எல்லாச் சேனல்களும் ஒரு பெரிய நிறுவனத்தின் மைய நிலையத்தில் குறியேற்றப்பட்டு, அங்கிருந்து ஃபைபர் வழியாக மலைக்கு வருகின்றன. ஊர்க் கேபிள்காரர் வாங்கிப் பங்கிடுகிறவர் மட்டும். கோத்தகிரியில் எடுத்த நிகழ்ச்சி கோத்தகிரி வீட்டுக்கு வர, முதலில் அது சமவெளியில் இருக்கும் மைய நிலையத்துக்குப் போய், குறியேறி, எண் ஒன்று வாங்கித் திரும்ப மலையேற வேண்டும். அனுப்பும் இணைப்புக்குப் பணம், சேனலுக்கு இடம் பிடிக்கப் பணம், குறியேற்றும் என்கோடர் கருவிக்குப் பணம். ஒரு மாடுலேட்டர் விலையில் நடந்த வேலை மாதச் சந்தாவாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இதில் அரசுக்கும் பெரிய பங்கு உண்டு. அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் உருவானது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று மறுபடி வேகமெடுத்தது. 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. ஏழை வீடுகளுக்கு அந்த விலை அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. அதே சமயம், உள்ளூர் சேனல்கள் அதில் இடம் பிடிக்கக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. கூடலூர் கடைத்தெருவின் விளம்பர வருமானத்தை வைத்துக்கொண்டு மாதா மாதம் அப்படிக் கட்டுவது எளிதில்லை. 2022 நவம்பரில் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் நின்றுபோனது நினைவிருக்கலாம். எல்லாம் ஒரே மையத்தில் இருந்தால், அங்கே வரும் கோளாறு மலையில் இருக்கும் சேனலையும் சேர்த்து அணைத்துவிடும்.

சட்டத்தில் இதற்கு என்ன இடம்?

1995 கேபிள் சட்டப்படி, கேபிள் நடத்துகிறவர் நெடுங்காலமாகத் தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துவந்தார். கம்பி இழுப்பதற்கான பதிவு அது. அந்தக் கம்பியில் தானே நிகழ்ச்சி தயாரித்து ஓட்டுவது பல ஆண்டுகள் தெளிவான விதி இல்லாமலே நடந்தது. நிகழ்ச்சி விதிகளும் விளம்பர விதிகளும் இருந்தன; மாவட்ட ஆட்சியருக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் இருந்தது. சேனலுக்கு என்று தனி அடையாளம் இல்லை.

2022 நவம்பர் 30 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. செயற்கைக்கோளில் வராமல், கேபிள் நிறுவனம் தன் கம்பியில் மட்டும் ஓட்டும் சேனல்களுக்கு ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ என்று பெயர். ஒரு சேனலுக்கு ஒரு முறை 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம். மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஓடியதை 90 நாட்கள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

இதில் மூன்று விஷயங்கள் மலைக்கு முக்கியம். முதலாவது நல்ல செய்தி: அந்த 5 சதவீதம் போக, மாவட்ட அளவிலான நிகழ்ச்சிகளுக்காக மாவட்டத்துக்கு இரண்டு சேனல்கள் கூடுதலாக அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளூர் மொழி, பண்பாட்டுத் தேவை என்பதை அரசே ஏற்றுக்கொண்டு எழுதிய வரி அது.

அடுத்தது எனக்கு மிகவும் உறுத்துவது. ஒரு நிறுவனத்தின் உள்ளூர் சேனலில் வரும் நிகழ்ச்சி அதற்கு மட்டுமே உரியது, இன்னொரு நிறுவனத்தோடு பகிரக் கூடாது. கோயில் போன்ற வழிபாட்டு இடங்களிலிருந்து வரும் நேரலைக்கு மட்டும் விலக்கு. அப்படியானால் மாரியம்மன் தேர் இரண்டு கேபிள்களிலும் வரலாம். குன்னூர் மலைப்பாதையில் எங்கெல்லாம் மண் சரியக்கூடும் என்று ஒரு புவியியல் ஆசிரியர் விளக்கும் நிகழ்ச்சி ஒன்றில் மட்டும்தான் வரலாம். ஏழு லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள ஒரு மாவட்டத்தில், ஏற்கெனவே இரண்டு மூன்று நிறுவனங்களாகப் பிரிந்து கிடக்கும் பார்வையாளர்களை இது இன்னும் துண்டாக்குகிறது. கஷ்டப்பட்டு எடுத்த ஒரு நல்ல நிகழ்ச்சி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாமலே போகிறது.

மூன்றாவது, இந்த வழிகாட்டுதல்கள் முழுவதும் கேபிள் நிறுவனத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. ஒரு ஊர்ச் சங்கமோ, மகளிர் குழுவோ, பழங்குடி அமைப்போ, கல்லூரியோ நேராக வந்து ‘எங்களுக்கு ஒரு சேனல்’ என்று கேட்க அதில் கதவு இல்லை. நிறுவனம் மனது வைத்தால் அரை மணி நேரம் கிடைக்கும்.

வானொலியில் இந்தக் கதவு இருக்கிறது. காற்றலை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக சமுதாய வானொலிக்கான கோரிக்கை வலுத்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் உரிமம் திறந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு இன்று நடத்தும் சமுதாய வானொலியில் மலையின் சொந்த மொழிகள் ஒலிக்கின்றன. வானொலிக்குக் கிடைத்த இந்த ஏற்பாட்டை டிவிக்கும் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு இந்தியாவில் வலுவாக எழவே இல்லை. கேபிள் என்பது தனியார் கம்பி, அது காற்றலை இல்லை என்பது அதற்கான பதில். அந்தக் கம்பி பொதுச் சாலை ஓரமாக, பொதுக் கம்பங்களில்தான் போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வேறு இடங்களில் நடந்தது

அமெரிக்காவில் அப்படித்தான் யோசித்தார்கள். ஊரின் சாலைகளைப் பயன்படுத்துவதற்குக் கேபிள் நிறுவனம் அந்த ஊருக்குக் கட்டணம் கட்ட வேண்டும்; 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை இருக்கலாம். பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் உள்ளாட்சிக்கும் சேனல்களை ஒதுக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் ஊர் கேட்கலாம். பல ஊர்களில் அந்தப் பணத்தில் ஸ்டூடியோ வைத்து, வருகிறவர்களுக்குக் கேமரா சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்ததை ஓட்டினார்கள். நகர்மன்றக் கூட்டம் முழுவதும் நேரலையாக வரும். கேபிளை விட்டு மக்கள் இணையத்துக்குப் போகப் போக அந்த வருமானம் இப்போது அங்கேயும் குறைந்துகொண்டிருக்கிறது.

கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் நடந்தது நம் மலைகளுக்கு இன்னும் நெருக்கமானது. தீவை விட்டு மக்களை வேறு இடத்துக்கு மாற்றும் யோசனை இருந்த காலம். அரசு திரைப்பட நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து தீவு மக்களின் பேச்சைப் படமெடுத்தன. எடுத்ததை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். ஒரு மூலையில் இருந்தவர் மறு மூலையில் இருந்தவரின் கஷ்டமும் தன்னுடையதுதான் என்று பார்த்தார். அதன் பிறகு அந்தப் படங்கள் ஆட்சியாளர்களிடம் போயின. தீவு மக்கள் கூட்டுறவு அமைத்துப் படகு கட்டினார்கள், தீவிலேயே தங்கினார்கள்.

நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற கிராமத்தில் 1975இல் இஸ்ரோ ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்தது. ஊர்ப் பொது இடங்களில் டிவி பெட்டிகள். குறைந்தபட்சக் கூலி, தீண்டாமை, பால் கூட்டுறவு, பெண்களின் உடல்நலம் பற்றி அந்த மாவட்டத்து மக்களையே நடிக்கவும் பேசவும் வைத்து நிகழ்ச்சிகள் எடுத்தார்கள். யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது. அந்த டிரான்ஸ்மிட்டரை 1985இல் சென்னையின் இரண்டாவது சேனலுக்காக எடுத்துப் போக முடிவானபோது கேடா மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெருநகரத்துக்கு இன்னொரு சேனலா, ஒரு மாவட்டத்துக்கு அதன் ஒரே சேனலா என்ற கேள்வியில் நாடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

யூடியூப் இருக்கிறதே?

சரி, இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, கேபிள் எதற்கு என்று கேட்கலாம். நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து உள்ளூர்ச் செய்திக்காரர்கள் பலர் யூடியூபிலும் முகநூலிலும்தான் இப்போது அதிகம் இயங்குகிறார்கள். பிழைப்புக்காகத் திருப்பூர், கோவை, பெங்களூர் போன ஆளும் ஊர்த் திருவிழாவை நேரலையில் பார்க்கிறார். கேபிளால் இது முடியாது. டிஷ் வைத்திருந்த வீட்டுக்கும் அது போகிறது. இதில் வரும் நன்மை பெரியது.

இழப்பும் உண்டு. யூடியூபில் வருமானம் பார்வை எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆயிரம் பேர் பார்க்க வேண்டிய குடிநீர் வாரியக் கூட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை; ரோட்டில் நிற்கும் சிறுத்தைக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஓடும் கரடிக்கும் லட்சம் பார்வை வருகிறது. கொஞ்ச நாளில் உள்ளூர்ச் சேனலும் வெளியூர்க்காரர் பார்ப்பதையே எடுக்க ஆரம்பிக்கிறது. மலை மறுபடியும் வேடிக்கைப் பொருளாகிறது. கேபிள் சேனலுக்குப் பார்வையாளர் யார் என்பது முடிவான விஷயமாக இருந்தது: இந்தக் கம்பி போகும் வீடுகள், அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாடு நிகழ்ச்சியை ஊருக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது, போன் இயக்கத் தெரியாத பாட்டியும் பார்த்தது, இதெல்லாமும் கணக்கில் சேர வேண்டும்.

இன்னொன்று, பழைய பதிவுகள். 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 91ஆம் நாள் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் மேலேயே எழுதிவிடுகிறார்கள். 1990களின் விஎச்எஸ் டேப்புகள், அதன் பின் வந்த மினி டிவி டேப்புகள், சிடிக்கள் எல்லாம் மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றில் இன்று உயிரோடு இல்லாத பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கைமாறிப் போன நிலங்கள் முன்பு எப்படி இருந்தன என்பது இருக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய முதல் தலைமுறையின் குரல் இருக்கக்கூடும். கல்யாண வீடியோக்காரர்களின் பரண்களில்தான் நீலகிரியின் கடந்த முப்பது வருட வரலாற்றில் பெரும் பகுதி படமாக இருக்கிறது. அதைத் தேடி எடுத்து டிஜிட்டலாக மாற்றும் வேலையை உதகையில் உள்ள கல்லூரிகளோ பழங்குடியினர் ஆய்வு மையமோ உடனே கையில் எடுத்தால், டேப் ஓடும் பழைய பிளேயர்கள் இன்னும் கிடைக்கும் காலத்திலேயே முடித்துவிடலாம்.

சேனலைப் பொறுத்தவரை, புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு இரண்டு கூடுதல் சேனல்கள் என்பது ஏற்கெனவே விதியில் உள்ளது. அரசு கேபிள் மாநில அரசின் சொந்த நிறுவனம். நீலகிரிக்கான ஓர் இடத்தைக் கட்டணம் இல்லாமல் ஒதுக்கி, அதில் என்ன ஓடும் என்பதைக் கேபிள்காரர், உள்ளாட்சி, பழங்குடி அமைப்புகள், தேயிலை விவசாயிகள், கல்லூரி என்று பலர் உட்காரும் ஒரு குழு முடிவு செய்யலாம். அந்தக் குழுவில் ஆளுங்கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் பாதிக்கு மேல் போனால் அது அறிவிப்புப் பலகையாகிவிடும். அதனால் முதல் நாளே அதற்கு வரம்பு போட வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானல் ஒரு மூலை என்பதால், அங்கே மாவட்டச் சேனலில் மலைக்கென்று தனி நேரம் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சமவெளிச் செய்தியே முழுவதும் நிரம்பும். நிகழ்ச்சியைப் பகிரக் கூடாது என்ற விதியில் கோயில் நேரலைக்குக் கொடுத்த விலக்கை, பேரிடர், உடல்நலம், கல்வி, பழங்குடி மொழி நிகழ்ச்சிகளுக்கும் நீட்டச் சொல்லி மத்திய அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். கம்பி போகாத பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு, எடுத்த நிகழ்ச்சியைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஊர்ப் பொது இடத்தில் வாரம் ஒருமுறை போட்டுக் காட்டலாம். பீஜ் கிராமத்தைச் சுற்றி ஐம்பது வருடத்துக்கு முன்பே பொது இடத்து டிவியைச் சுற்றி ஊர் கூடிப் பார்த்திருக்கிறது. ஒரு புரொஜெக்டரும் ஒரு ஜீப்பும் இருந்தால் கூடலூரிலும் பந்தலூரிலும் இந்த மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பிக்கலாம்.